பேரேட்டில் எழுதாத உறவு: அமெரிக்கத் தெற்கின் குடும்ப நாவல்கள்

நடு ராத்திரி. மிசிசிப்பியில் ஒரு பருத்திப் பண்ணை. ஐசக் மெக்காஸ்லின் என்ற 16 வயதுப் பையன், எல்லோரும் தூங்கிய பிறகு பண்ணைக் கடையின் சாவியை எடுத்துக்கொண்டு போய், லாந்தர் வெளிச்சத்தில் கதவைத் திறக்கிறான். உள்ளே அலமாரியில் பழைய பேரேடுகள். சின்ன வயதிலிருந்து கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தவைதான். அவனுடைய அப்பாவும் அவருடைய இரட்டைச் சகோதரரும் மாறி மாறி எழுதிய கணக்கு, எழுத்துப் பிழைகள் மண்டிய கணக்கு. யாருக்கு என்ன கொடுத்தோம், யார் பிறந்தார், யார் செத்தார்.

ஒரு பக்கத்தில் யூனிஸ் என்ற அடிமைப் பெண்ணின் பெயர். 1807இல் நியூ ஆர்லியன்ஸில் 650 டாலருக்கு வாங்கியது. 1809இல் கல்யாணம். 1832 கிறிஸ்துமஸ் அன்று ஓடையில் மூழ்கிச் சாவு. அதற்குக் கீழே, ஆறு மாதம் கழித்து, இன்னொரு கையெழுத்து: தானாகவே மூழ்கினாள். அதைப் பார்த்து முதல் கையெழுத்துக்குக் கோபம் வருகிறது. அடிமை தானாகப் போய் மூழ்கிச் செத்ததாக எங்கேயாவது கேட்டதுண்டா என்று எழுதி வைக்கிறது. இரண்டாவது கையெழுத்து அசையவில்லை. அடுத்த வரியில் மறுபடியும் அதையே எழுதுகிறது: தானாகவே மூழ்கினாள்.

ஏன் மூழ்கினாள் என்று பையன் யோசிக்கிறான். யூனிஸின் மகள் டொமசீனா 1833 ஜூனில் பிரசவத்தில் இறந்திருக்கிறாள். பிள்ளை பிழைத்துவிட்டது. தகப்பன் யார் என்று எழுதவில்லை. ஆனால் பண்ணையை உருவாக்கிய கிழவர், ஐசக்கின் தாத்தா, அந்தப் பிள்ளைக்கு 1,000 டாலர் சேரவேண்டும் என்று உயிலில் எழுதியிருக்கிறார். ஒரு அடிமைப் பிள்ளைக்கு எதற்கு 1,000 டாலர்? இதையும் அதையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது பையனுக்கு விஷயம் பிடிபடுகிறது. டொமசீனாவுக்குத் தகப்பன் தாத்தாதான். டொமசீனாவின் பிள்ளைக்கும் அவர்தான். மகள் வயிற்றில் அது வளர்வது தெரிந்த பிறகு யூனிஸ் ஓடைக்குப் போயிருக்கிறாள்.

தேதி இருக்கிறது, தொகை இருக்கிறது, 'என் மகன்' என்ற சொல் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. 21 வயது ஆனதும் அந்தப் பண்ணையே எனக்கு வேண்டாம் என்று ஐசக் ஒதுங்கிவிடுகிறான்.

இது வில்லியம் ஃபாக்னர் 1942இல் வெளியிட்ட 'கோ டவுன், மோசஸ்' நூலில் வரும் காட்சி. அமெரிக்கத் தெற்கின் குடும்ப நாவல் என்றால் என்ன, அதில் அப்படி என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஒரே குடும்பத்தின் இரண்டு, மூன்று, சில நேரம் ஏழெட்டுத் தலைமுறைகளைத் தொடர்ந்து சொல்வதுதான் குடும்ப நாவல். வம்சக் கதை என்றும் சொல்லலாம். நிலம் சேர்வது, வீடு எழுவது, பிள்ளைகள் பிரிவது, சொத்து கரைவது எல்லாம் அதில் வரும். இப்படிப்பட்ட நாவல் எல்லா மொழியிலும் இருக்கிறது. தெற்கின் நாவலில் மட்டும் ஒரு கேள்வி கூடுதலாக இருக்கிறது. குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்பது மட்டும் அங்கே கதையாகாது. குடும்பம் என்றால் யார் யார் என்பதே தீராத வழக்காக இருக்கும். ஒரே ரத்தம் உள்ள இரண்டு பேரில் ஒருவன் வாரிசு, மற்றவன் சொத்து. இந்த இக்கட்டில்தான் அந்த நாவல்களின் முழு வலுவும் இருக்கிறது.

முதலில் எந்தத் தெற்கு என்று பார்த்துவிடலாம். 1860-61இல் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்து தனிக் கூட்டமைப்பாக நின்ற 11 மாநிலங்கள்: வர்ஜீனியா, இரண்டு கரோலினாக்கள், ஜார்ஜியா, ஃபுளோரிடா, அலபாமா, மிசிசிப்பி, லூசியானா, டெக்சஸ், ஆர்கன்சா, டென்னசி. பிரிந்ததற்கு மூல காரணம் அடிமை முறை. 1860இல் அமெரிக்கா முழுவதிலும் ஏறக்குறைய 40 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். 1865இல் தெற்கு போரில் தோற்றது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் விடுதலை பெற்றவர்களில் மிகப் பலர் அதே நிலத்தில், பல நேரம் அதே முதலாளியிடம், விளைச்சலில் பங்கு கொடுத்துப் பயிர் செய்யும் நிலைக்கு வந்தார்கள். அவர்களுடைய கடனும் பண்ணைக் கடைப் பேரேட்டில்தான் ஏறியது.

உறவு எப்படி வழக்காயிற்று என்பதற்கு ஒரு சட்டத்தைச் சொன்னால் போதும். 1662இல், வர்ஜீனியா ஆங்கிலேயக் குடியேற்றமாக இருந்தபோது அது வந்தது. பிறக்கும் குழந்தை அடிமையா சுதந்திரமானதா என்பதைத் தாயின் நிலையைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். இங்கிலாந்து வழக்கப்படி குழந்தை தகப்பன் வழியில்தான் அறியப்படும். இங்கே அது தலைகீழாயிற்று. ஓர் எஜமான் தன் அடிமைப் பெண்ணிடம் பெற்ற பிள்ளை சட்டத்தின் முன் அவனுக்குப் பிள்ளையே கிடையாது. அவன் மந்தையில் ஒரு தலை கூடியது, அவ்வளவுதான். தகப்பன் சொந்தப் பிள்ளையை விற்கலாம், அடமானம் வைக்கலாம், தன் இன்னொரு பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்கலாம். ஐசக் படித்த அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இந்தச் சட்டம் நிற்கிறது.

தெற்கைப் பற்றிப் பேசும்போது பழம்பெரும் குடும்பங்கள், வெள்ளைத் தூண் வைத்த மாளிகைகள் என்ற படம் மனதில் வரும். வட மிசிசிப்பியைப் பொறுத்தவரை அந்தப் பழமைக்கு வயது மிகக் குறைவு. சிக்கசா பழங்குடி மக்களிடமிருந்து அந்த நிலம் ஒப்பந்தமாக எழுதி வாங்கப்பட்டதே 1832இல்தான். 1861இல் போர் வந்துவிட்டது. காட்டை வெட்டி, பருத்தி போட்டு, மாளிகை கட்டி, பரம்பரைப் பெருமை பேசத் தொடங்கி எல்லாம் முடிய 30 வருஷம்கூட ஆகவில்லை.

ஃபாக்னர் இதை நன்றாக அறிந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தாவே அப்படி வந்து நிமிர்ந்தவர். போரில் கர்னல், பிறகு ரயில் பாதை போட்டவர், நாவல்கூட எழுதியவர். 1889இல் பழைய கூட்டாளி ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். கொள்ளுப்பேரன் 1936இல் எழுதிய 'அப்சலோம், அப்சலோம்!' நாவலில் தாமஸ் சட்பன் என்ற மனிதர் வருகிறார். ஏழை வெள்ளைக் குடும்பத்துப் பையன். வர்ஜீனியாவில் ஒரு பெரிய வீட்டுக்கு அப்பா ஏதோ சேதி சொல்லி அனுப்புகிறார். முன்வாசலில் நிற்கும் கறுப்பினப் பணியாள், வந்த காரியத்தைக் கேட்கும் முன்பே, பின்பக்கமாகப் போ என்று சொல்லிவிடுகிறான். அந்த ஒரு நிமிஷம் பையனை வாழ்நாள் முழுக்க விடவில்லை. யாரும் திருப்பி அனுப்ப முடியாத ஒரு வீடு தனக்கு வேண்டும் என்று 1833இல் மிசிசிப்பிக்கு வந்து 100 சதுர மைல் நிலத்தைப் பிடிக்கிறார். பல வருஷம் கழித்து, அவர் அங்கே கட்டிய வீட்டு வாசலில் ஓர் இளைஞன் வந்து நிற்கிறான். முதல் மனைவிக்குக் கறுப்பின ரத்தம் உண்டு என்று தெரிந்ததும் சட்பன் கைவிட்டுவிட்டு வந்த மகன் அவன். அவனுக்குச் சொத்து வேண்டாம், மகனே என்று ஒரு வார்த்தை போதும். அப்பா வாய் திறக்கவே இல்லை.

அந்த நாவலின் கடைசியில் ஃபாக்னர் கையால் வரைந்த வரைபடம் ஒன்று உண்டு. யோக்னபடாஃபா என்று அவர் கற்பனை செய்த மாவட்டம் அது. பரப்பு 2,400 சதுர மைல், வெள்ளையர் 6,298, கறுப்பர் 9,313. கீழே, இதன் ஒரே உரிமையாளர் வில்லியம் ஃபாக்னர் என்று அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலப் பத்திரங்களில் பெரும்பாலும் யார் பெயர் இருந்திருக்கும் என்பதையும் சேர்த்து யோசித்தால் அவர் எழுதிய கதைகளின் அடிப்படை விளங்கிவிடும்.

சரி, இவ்வளவு கனமான விஷயத்தை வாசகர்கள் ஏன் விரும்பிப் படிக்கிறார்கள்? சொல்லும் விதம்தான் காரணம் என்று நினைக்கிறேன். இந்த நாவல்கள் பெரும்பாலும் பேச்சிலிருந்து பிறந்தவை. தெற்கில் வீட்டுக்கு முன்னால் அகலமான தாழ்வாரம் இருக்கும், நம் திண்ணை மாதிரி. சாயங்கால வேளையில் பெரியவர்கள் அங்கே உட்கார்ந்து பேசுவார்கள். செத்துப்போன அத்தை, விற்றுப்போன நிலம், ஓடிப்போன பெண் எல்லோரும் அந்தப் பேச்சில் வந்து போவார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார், மூன்றாமவர் விட்டுப்போனதைச் சேர்ப்பார். படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். வாசகருக்கும் அந்தப் படிக்கட்டில் ஓர் இடம் கிடைக்கிறது.

யூடோரா வெல்டி 1970இல் வெளியிட்ட 'லூசிங் பேட்டில்ஸ்' இதன் உச்சம். 1930களின் மிசிசிப்பி. பாட்டிக்கு 90ஆவது பிறந்தநாள். ஊர் ஊராக இருக்கும் சொந்தம் முழுக்க வந்து கூடுகிறது. கதை நடப்பது அந்த ஒரு நாளும் மறுநாளும்தான், ஆனால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே அவர்கள் பேசும் பேச்சில் மூன்று நான்கு தலைமுறை எழுந்து வந்துவிடுகிறது. குடும்ப நாவல் என்றால் நூறு வருஷத்தை வரிசையாகச் சொல்ல வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

பேச்சுக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. பேனா எல்லோர் கையிலும் இருக்கவில்லை. அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பது தெற்கின் பல மாநிலங்களில் சட்டப்படி குற்றம். 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். அதில் உடையவரின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம். பெயர்ப் பத்தியே கிடையாது. தெற்கின் கறுப்பின மக்கள் எல்லோருடைய பெயரும் கணக்கெடுப்பில் ஏறியது முதன்முதலாக 1870இல்தான். இன்றைக்கும் தங்கள் வம்சத்தைத் தேடிப் போகிற கறுப்பினக் குடும்பங்கள் அந்த வருஷத்தில் வந்து சுவரில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. போருக்குப் பிறகு பல பத்து வருஷங்கள் செய்தித்தாள்களில் அவர்கள் விளம்பரம் கொடுத்தார்கள்: சின்ன வயதில் பிரித்து விற்கப்பட்ட என் அம்மாவைத் தேடுகிறேன், என் தம்பியைத் தேடுகிறேன் என்று. நியூ ஆர்லியன்ஸில் வந்த ஒரு பத்திரிகை, அந்த விளம்பரங்களை ஞாயிறு வழிபாட்டில் வாசித்துக் காட்டும்படி போதகர்களைக் கேட்டுக்கொண்டது. எனக்குத் தெரிந்து அதைவிட உருக்கமான குடும்பக் கதை வேறு கிடையாது. ஒவ்வொன்றும் நாலைந்து வரிதான்.

ஆகவே ஒரே மண்ணைப் பற்றி இரண்டு விதமான குடும்ப நாவல் உருவானதில் ஆச்சரியமில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது ஆரம்ப வாசகருக்கு நல்ல பாடம். மார்கரெட் மிட்செலின் 'கான் வித் தி விண்ட்' 1936இல் வந்தது, அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு பெற்றது. ஜார்ஜியாவில் ஒரு பருத்திப் பண்ணை, போரில் அது அழிவது, வீட்டுப் பெண் விடாப்பிடியாக நிலத்தைக் காப்பது. கதை ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது. கையில் எடுத்தால் வைக்க முடியாத நாவல். ஆனால் அடிமைகள் அதில் விசுவாசமான வேலைக்காரர்களாக வந்து போகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு குடும்பம், ஒரு நினைவு இருந்திருக்கும் என்ற எண்ணமே அந்த நூலுக்கு இல்லை. அது பெரிய குறை. ரசித்துப் படித்தவர்களும் அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

30 வருஷம் கழித்து, 1966இல், மார்கரெட் வாக்கரின் 'ஜூபிலி' வந்தது. அதே ஜார்ஜியா, அதே போர், அதே மாளிகை. ஆனால் கதை சமையற்கட்டிலிருந்து பார்க்கப்படுகிறது. நாயகி வைரி, வாக்கரின் கொள்ளுப்பாட்டியை வைத்து எழுதியவள். பாட்டி சொல்லிச் சொல்லிக் கேட்ட கதையை வாக்கர் பல ஆண்டுகள் ஆவணங்களோடு ஒப்பிட்டு எழுதினார். வைரி எஜமானுக்கு ஓர் அடிமைப் பெண்ணிடம் பிறந்தவள். எஜமானின் வீட்டு மகளுக்கும் அவளுக்கும் அப்படி ஒரு முகஜாடை ஒற்றுமை. ஒருத்தி மெத்தையில் தூங்குகிறாள், மற்றவள் அவளுக்கு ஏவல் செய்கிறாள். எஜமானியம்மாவுக்கு வைரியைக் கண்டாலே ஆகாது. கணவன் மறைத்த கணக்கு அந்த முகத்தில் எழுதியிருக்கிறது. தெற்கின் குடும்ப நாவல் முழுவதும் அந்த இரண்டு முகங்களில் அடங்கிவிடும்.

அப்புறம் 'ரூட்ஸ்'. அலெக்ஸ் ஹேலி டென்னசியில் ஹென்னிங் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். அங்கே பாட்டியும் அவருடைய சகோதரிகளும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட ஒரு முன்னோரைப் பற்றிப் பேசுவார்களாம். ஆற்றுக்கும் இசைக்கருவிக்கும் அவர் சொன்ன சொற்கள்கூட வாய்வழியாக வந்திருந்தன. அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டு ஹேலி காம்பியா வரைக்கும் போனார். 1976இல் நூல் வந்தது, 1977 ஜனவரியில் தொலைக்காட்சித் தொடர் தொடர்ந்து எட்டு இரவுகள் ஓடி நாட்டையே உட்கார வைத்தது. பின்னால் ஆய்வாளர்கள் அந்த வம்சாவளியில் பல இடங்கள் ஆவணத்தோடு பொருந்தவில்லை என்று காட்டினார்கள். வேறொரு நாவலிலிருந்து பகுதிகளை எடுத்ததாக வந்த வழக்கும் சமரசத்தில் முடிந்தது. ஆகவே அதை வரலாறாகப் படிக்கக் கூடாது, நாவலாகப் படிக்கலாம். எத்தனையோ கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் பாட்டிகளிடம் உட்கார்ந்து கேட்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இந்த வகை இன்னும் தீர்ந்துபோகவில்லை. ஜெஸ்மின் வார்ட் மிசிசிப்பிக் கடலோர ஊரில் வளர்ந்தவர். 2017இல் வந்த அவருடைய 'சிங், அன்பரீட், சிங்' நாவலில் ஜோஜோவுக்கு 13 வயது. அம்மா கறுப்பினத்தவர், அப்பா வெள்ளையர். அப்பாவைப் பெற்ற தாத்தா அந்தப் பிள்ளைகளைப் பேரப்பிள்ளைகள் என்று ஏற்கவே மறுக்கிறார். அப்பா இருப்பது பார்ச்மன் சிறையில். 1901இல் தொடங்கி, கைதிகளை வைத்துப் பருத்தி விளைவித்த சிறைப்பண்ணை அது. அம்மா வழித் தாத்தாவும் இளவயதில் அங்கே அடைபட்டிருந்தவர். வெல்டியின் நாவலில் பாட்டியின் பிறந்தநாளுக்கு ஓடி வரும் வெள்ளைக்காரப் பையனும் இதே பார்ச்மனிலிருந்துதான் வருகிறான். இரண்டு நூலையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

எங்கிருந்து தொடங்குவது? ஃபாக்னரின் 'தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி'யில் (1929) தொடங்க வேண்டாம். நான் அப்படித்தான் தொடங்கி, பாதியில் மூடி வைத்து, சில வருஷம் கழித்துத்தான் திரும்ப எடுத்தேன். முதல் பகுதியைச் சொல்பவன் பெஞ்சி. 33 வயது, ஆனால் மனவளர்ச்சி இல்லாதவன், பேச்சு வராது. வேலிக்கு அந்தப் பக்கம் சிலர் பந்து அடிப்பதைப் பார்க்கிறான். அது கோல்ஃப் மைதானம் என்று அவனுக்குத் தெரியாது. ஒரு காலத்தில் அவனுடைய மேய்ச்சல் நிலம் அது. அண்ணனை ஹார்வர்டில் படிக்க வைக்கவும் அக்கா கேடியின் கல்யாணத்துக்கும் குடும்பம் விற்றுவிட்டது. ஆடுபவர்கள் மட்டை தூக்குகிற பையனை 'கேடி' என்று கூப்பிடுகிறார்கள். அக்கா பெயர் காதில் விழுந்ததும் பெஞ்சி அழத் தொடங்குகிறான். நிலம் போனது, அக்கா போனது, குடும்பம் சரிந்தது எல்லாம் அந்த ஒரு கூப்பாட்டில் இருக்கிறது. இது தெரிந்துகொண்டு போனால் அந்த நாவல் கதவைத் திறக்கும். தெரியாமல் போனால் வெறும் மூடுபனி.

'ஜூபிலி'யோ 'சிங், அன்பரீட், சிங்' நாவலோ முதலில் படிப்பது நல்லது. படிக்கும்போது ஒரு தாளில் குடும்ப மரம் வரைந்துகொள்ளுங்கள். பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஃபாக்னரின் அந்த நாவலில் மாமா பெயரும் க்வென்டின், அவருடைய தங்கை மகள் பெயரும் க்வென்டின். மரத்தில் எங்கே கோடு போட முடியாமல் பேனா தயங்குகிறதோ அங்கேதான் கதையின் முடிச்சு இருக்கும்.

மூன்றாவதாக டோனி மாரிசனின் 'சாங் ஆஃப் சாலமன்' (1977) படிக்கலாம். நாயகன் மில்க்மேன் வடக்கே, மிச்சிகனில் வளர்ந்தவன். குடும்பப் பெயர் 'டெட்', அதாவது செத்தவர். விடுதலைக்குப் பிறகு தாத்தாவின் பெயரைப் பதிவு செய்த வடபகுதிப் படைவீரன் குடித்திருந்தான். அப்பா யார் என்று கேட்டதற்குச் செத்துவிட்டார் என்று தாத்தா சொன்ன பதில், ஏட்டில் பெயராக ஏறிவிட்டது. எழுதியவன் பிழை மூன்று தலைமுறைக்குக் குடும்பப் பெயராக நின்றது. பேரன் தங்கம் தேடி தெற்கே வர்ஜீனியாவில் ஒரு சிற்றூருக்கு வருகிறான். அங்கே பிள்ளைகள் வட்டமாகச் சுற்றி ஒரு பாட்டுப் பாடி விளையாடுகிறார்கள். சும்மா கேட்டுக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று அதில் தன் தாத்தாவின் உண்மைப் பெயர் கேட்கிறது, பிறகு கொள்ளுத்தாத்தாவின் பெயர். எழுதிக்கொள்ளலாம் என்றால் கையில் பென்சில் இல்லை. பிள்ளைகள் மறுபடியும் முதலிலிருந்து பாடுகிறார்கள். அவன் அப்படியே நின்று மனப்பாடம் செய்கிறான்.